மஞ்சள் தொப்பிக் குழு

கடலோரப் பாதையில் ஏறி அரைமணி நேரம்கூட ஆகவில்லை, ரேடியோ என்கிற பையனின் இடது குதிகால் வேலையை ராஜினாமா செய்துவிட்டது. புது ஷூ. மலையேறுகிறவர்கள் போடுவது என்று சொல்லிக் கடைக்காரன் தலையில் கட்டியது. இதுவரை ஏறியது கொப்புளம் மட்டும்தான்.

வலப்பக்கம் கடல், இடப்பக்கம் புல்மேடு, நடுவே ஒரு ஆள் அகலத்துக்கு மண்பாதை. கீழே பாறையில் அலை மோதும்போதெல்லாம் சாரல் மேலே வரை வந்து முகத்தைத் துடைத்துவிட்டுப் போனது. சித்தி முன்னால் விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தாள்.

"துப்பறியறதுன்னா கார்ல உட்கார்ந்து பின்தொடர்றதுன்னு நம்பித்தான் சித்தி வேலைக்குச் சேர்ந்தேன்."

"கார்ல போனா தடயம் கண்ணுல படாதுடா."

"என் தடயம் நல்லாவே படும். ஒத்தைக் கால் தடயம்."

சித்தி என்றால் உண்மையான சித்திதான். அவன் அம்மாவின் தங்கை. சலவைக் கடைக்கு மேலே இரண்டு அறை எடுத்துத் துப்பறியும் நிலையம் நடத்துகிறாள். வழக்கு கொண்டுவரும் கட்சிக்காரர்களும் இரண்டாவது சந்திப்பிலேயே அவளைச் சித்தி என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். எவ்வளவு அழுக்கான வழக்கும் அந்த சோப்பு வாசனையில் கொஞ்சம் வெளுத்துவிடும் என்பான் ரேடியோ. அவனுக்கு ஏன் அந்தப் பெயர் என்பதை அவனோடு ஒரு பஸ் பயணம் போனவர்கள் கேட்க மாட்டார்கள்.

முந்தைய நாள் மாலை அந்த சோப்பு வாசனைக்குள் வந்து உட்கார்ந்தவள் ஒரு மருந்துக்கடைக்காரி. வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் கடையிலிருந்து அப்படியே வந்திருந்தாள். அவளுடைய அம்மாவைக் காணோம்.

அம்மா ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஜன்னல் இல்லாத அறையில் முப்பது வருஷம். ஓய்வு பெற்ற பிறகு கடலோரமாக நடந்து வர வேண்டும் என்று ஆசைப்பட்டாள். தனியாகப் போகிறேன் என்று முதலில் சொன்னபோது மகள் அழுது ஆர்ப்பாட்டம் செய்துவிட்டாள். அப்பா போன பிறகு அம்மாவைத் தெருமுனைக் கடைக்குக்கூடத் தனியாக விடாதவள் அவள். பிறகு அம்மாவே, நல்ல குழு ஒன்று கிடைத்திருக்கிறது, வழிகாட்டி உண்டு, எல்லோருக்கும் மஞ்சள் தொப்பி கொடுக்கிறார்கள் என்று சொன்ன பிறகுதான் மகள் இறங்கி வந்தாள். தினம் சாயங்காலம் ஒரு போட்டோ வர வேண்டும் என்பது நிபந்தனை.

போட்டோவும் தவறாமல் வந்தது. கடல், பாறை, மஞ்சள் தொப்பி போட்ட ஐந்தாறு பேர், ஓரத்தில் சிரித்தபடி அம்மா. அப்புறம் திடீரென்று நின்றுவிட்டது. போன் அணைந்து கிடந்தது. மகள் பதறிப்போய் அந்தக் குழுவை நடத்துகிறவர்களைத் தேடினால், அப்படி ஒரு குழுவே எங்கேயும் இல்லை. கணவனிடம் சொல்லலாம் என்றால், ஊர் ஊராகப் போய் லிஃப்ட் பழுது பார்க்கிற மனுஷன்; எந்த லிஃப்ட் கிணற்றுக்குள் தொங்கிக்கொண்டிருக்கிறானோ, அவன் போனும் எடுக்கவில்லை. நாளை சாயங்காலம் வரை பார்ப்பேன், அதற்குமேல் போலீஸில் சொல்லி அம்மாவைக் கையோடு இழுத்து வந்துவிடுவேன், இனி வாசல்படி தாண்ட விடமாட்டேன் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

சித்தி எல்லாப் போட்டோக்களையும் தன் போனுக்கு வாங்கிக்கொண்டாள். காலையில் பஸ்ஸில் அவற்றை ரேடியோவிடம் நீட்டி, என்ன தெரிகிறது என்று கேட்டாள்.

ரேடியோ கொஞ்ச நேரம் பார்த்தான். ஒரு தொப்பியின் விளிம்பு கிழிந்திருந்தது. முதல் படத்தில் அது ஒரு தாடிக்காரர் தலையில் இருந்தது. அடுத்த படத்தில் ஒரு குட்டை முடிப் பெண்ணின் தலையில். அதற்கடுத்ததில் குண்டான ஒருவர் தலையில். நெற்றியில் மைக்கறை பட்ட இன்னொரு தொப்பியும் அதே மாதிரி தலை மாறித் தலை தாவிக்கொண்டிருந்தது.

"தொப்பி அதே தொப்பி. தலைதான் தினம் வேற."

"அப்படின்னா?"

"குழுன்னு ஒண்ணு கிடையாது. அந்த அம்மா பையில தொப்பியை வச்சுக்கிட்டு, வழியில பார்க்கிறவங்க தலையில எல்லாம் மாட்டி, போட்டோ எடுத்துட்டுத் திரும்ப வாங்கிக்கறாங்க." சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "எக்ஸ்ரே அம்மா பலே ஆள்தான் சித்தி. இதை ஏன் மகள் கவனிக்கலை?"

மகள்கள் போட்டோவில் அம்மா முகத்தை மட்டும்தான் பார்ப்பார்கள், இளைத்திருக்கிறாளா, கறுத்திருக்கிறாளா என்று; பக்கத்தில் நிற்பவன் தலையை யார் பார்ப்பது என்றாள் சித்தி. பிறகு விரலால் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். பின்னணியில், தூரத்தில், பாதையோரம் ஒருவன் குனிந்து ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். முகம் தெரியவில்லை. சாம்பல் நிற மழைக்கோட்டின் தலைமூடி மட்டும் தெரிந்தது. அடுத்த படத்திலும் அவன் இருந்தான், குனிந்தபடியே. அதற்கடுத்ததிலும்.

ரேடியோவின் சிரிப்பு நின்றது. தலைகள் மாறும் படங்களில் மாறாத ஒரே ஆள் அவன்.

"காலைப் பாரு," என்றாள் சித்தி.

காலில் வார் வைத்த செருப்பு. கட்டுவதற்குக் கயிறே கிடையாது.

அதனால்தான் இந்த நடை. கடைசிப் படத்தில் இருந்த மரப்பாலத்தை பஸ் கண்டக்டர் அடையாளம் சொன்னார். அதற்குக் கொஞ்சம் முன்னால் இறங்கியாகிவிட்டது. அதற்கு மேல் பஸ் போகாது. கால்தான் போக வேண்டும்.

மரப்பாலம் தாண்டி ஒரு மேடு ஏறியதும் தகரக் கூரை போட்ட ஒரு தேநீர்க் கடை வந்தது. முதுகுப்பைகள் வாசலில் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. உள்ளே அடுப்புக்குப் பின்னால் நின்று ஒரு குண்டு மனிதர் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். அவர் தலையில் விளிம்பு கிழிந்த மஞ்சள் தொப்பி.

ரேடியோ கொப்புளத்தை மறந்தான்.

விசாரித்ததில் அவர் கடைக்காரர் இல்லை, தொழில்முறை ரொட்டிக்காரர். வருஷத்துக்கு ஒருமுறை விடுமுறை எடுத்துத் தனியாக நடக்க வருபவர். இந்தக் கடையில் ரொட்டியைக் கடித்துப் பார்த்து, இதைவிட நான் நன்றாகச் சுடுவேன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாராம். கடைக்காரர் சரி சுடுங்கள் என்று எழுந்து வழிவிட்டாராம். அன்றிலிருந்து விடுமுறை அடுப்படியில் போய்க்கொண்டிருக்கிறது. சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த அம்மாளைப் பற்றிக் கேட்டதும் உருகிவிட்டார். மரப்பாலத்தில் பார்த்ததாகச் சொன்னார். "என்னைப் பார்த்ததும், 'வாடா தம்பி, இந்தத் தொப்பியைப் போட்டுக்கிட்டு இப்படி நில்லு, சிரி'ன்னாங்க. எனக்கு அம்பது வயசு. என்னை டான்னு கூப்பிட ஊர்ல ஆளே இல்லாம போச்சு. போட்டோ எடுத்ததும் தொப்பியை எல்லார்கிட்டேயும் திரும்ப வாங்கினவங்க, என் வழுக்கையைப் பார்த்துட்டு, 'நீ வச்சுக்கோடா, காய்ஞ்சு போயிடுவே'ன்னு விட்டுட்டாங்க."

எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்களா என்று சித்தி கேட்டாள். வயது வித்தியாசமே பார்ப்பதில்லை, வழியில் வந்த ஒரு நீதிபதியைக்கூட வாடா என்றுதான் வரிசையில் நிறுத்தினார்கள் என்றார் ரொட்டிக்காரர்.

சாம்பல் மழைக்கோட்டுக்காரனையும் அவர் பார்த்திருந்தார். அந்த அம்மாளுக்கு ஒரு வளைவு பின்னால் வந்துகொண்டிருந்தானாம். வணக்கம் சொன்னபோது சட்டென்று தொலைநோக்கியை எடுத்துக் கண்ணில் வைத்துப் பறவை பார்ப்பதுபோல நின்றானாம். அதன் மூடியைக் கழற்றவே இல்லை.

அதுவரை மூலையில் சூடான ரொட்டியை ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்த ஒரு பெண் அப்போது தலையைத் தூக்கினாள். பல் மருத்துவம் படிப்பவள். மேலே பாறைமுனையில் கூடாரம் அடித்துத் தங்கியிருப்பதாகவும், சாப்பிட மட்டும் கீழே வருவதாகவும் சொன்னாள். முந்தாநாள் மத்தியானம் ஆட்டுப்பாதைப் பக்கம் ஒரு கல்சுவருக்கு அந்தப்புறம் ஒரு ஆண் அலறுகிற சத்தம் கேட்டதாம்.

"சண்டையா?" என்றான் ரேடியோ.

"வலியில கத்தினது. தினம் கேட்கிறேன், எனக்குத் தெரியாதா? 'விட்டுடுங்க, விட்டுடுங்க'ன்னு கத்தினார். ஒரு வயசான அம்மா குரல், 'வாயை மூடுங்க, அசையாதீங்க'ன்னு அதட்டுச்சு. எனக்குத் தைரியம் வந்து சுவரைச் சுத்திப் போய்ப் பார்க்கிறதுக்குள்ள யாரும் இல்லை. புல்லு மட்டும் நசுங்கிக் கிடந்தது."

ரேடியோ எழுந்துவிட்டான். பின்தொடர்ந்தவன் கடைசியில் கை வைத்திருக்கிறான், அந்த அம்மாள் கையில் கிடைத்ததை எடுத்துச் சாத்தியிருக்கிறாள், அதற்கப்புறம் என்ன நடந்ததோ என்று அவன் மனம் படபடவென்று கதை கட்டியது. சித்தியோ இன்னொரு ரொட்டி கேட்டு வாங்கி நிதானமாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "வாயை மூடுன்னாங்களா, மூடுங்கன்னாங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லும்மா."

"மூடுங்க. எனக்கே அது விசித்திரமா இருந்துச்சு. அவ்வளவு கோபத்துல மரியாதை."

சித்தி கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். அடுத்த விடுதி எவ்வளவு தூரம் என்று கேட்டாள். ஆட்டுப்பாதை தாண்டி, கலங்கரை விளக்கத்துக்குக் கீழே ஒன்றுதான் இருக்கிறது, நடந்தால் சாயங்காலத்துக்குள் போய்விடலாம் என்றார்கள்.

வழியெல்லாம் ரேடியோ நச்சரித்தான். போலீஸுக்குச் சொல்லலாமா என்றான், மகளுக்குச் சொல்லலாமா என்றான், தன்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவீர்கள் என்றான். சித்தி கடலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். என்ன அழகு பாரு என்றாள் ஒரு இடத்தில். பாறை இடுக்கில் ஊதாப் பூக்கள் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தன. கீழே தண்ணீர் பச்சையும் நீலமுமாக மாறி மாறிப் புரண்டது. ரேடியோ எதையும் பார்க்கவில்லை. வழியில் கிடந்த ஒரு தடியை எடுத்து வைத்துக்கொண்டான்.

விடுதி ஒரு பழைய கல்கட்டடம். கீழே சமையலறை, மேலே அடுக்குக் கட்டில் போட்ட அறைகள். மாடிக்குப் போனபோது கடைசி அறையிலிருந்து ஒரு ஆணின் முனகல் கேட்டது. ரேடியோ சித்தியை ஒதுக்கிவிட்டு, தடியை ஓங்கிக்கொண்டு, கதவைத் தோளால் இடித்தான். கதவு சாத்தியே இருக்கவில்லை. இடித்த வேகத்தில் அறையின் நடுவே போய் மண்டியிட்டு விழுந்தான்.

கட்டிலில் சாம்பல் மழைக்கோட்டுக்காரன் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தான். கணுக்கால் கத்திரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கிண்ணத்தில் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள் எக்ஸ்ரே அம்மா. வெயிலில் நன்றாகக் கறுத்திருந்தாள்.

"யாருடா நீ? அடிபட்டுச்சா?" என்று கேட்டாள் தரையில் கிடந்தவனைப் பார்த்து.

ரேடியோவுக்குப் பின்னால் சித்தி மெல்ல உள்ளே வந்தாள். கட்டிலைப் பார்த்து, "கால் எப்படி இருக்கு மாப்பிள்ளை?" என்றாள்.

கட்டிலில் இருந்தவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. எக்ஸ்ரே அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. ரேடியோ மட்டும் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, யாருக்கு மாப்பிள்ளை என்று கேட்டான்.

"நம்ம கட்சிக்காரி வீட்டுக்காரர்டா. லிஃப்ட் ரிப்பேர்."

சித்தி ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து சொன்னாள். அந்த அம்மாளிடமிருந்து ஒளிய வேண்டும் என்றால் எந்நேரமும் ஒளிய வேண்டும். இவன் கேமரா எழும்பும்போது மட்டும் குனிகிறான். அப்படியென்றால் அந்தப் போட்டோ யாருக்குப் போகிறதோ, அவர்களுக்குத் தெரிந்த முகம். போட்டோ போவது ஒரே ஒருத்திக்குத்தான். "இவ்வளவுதான் பஸ்ல தெரிஞ்சது. மீதியை அந்தப் பொண்ணு சொல்லிட்டா. நீதிபதியையே வாடான்னு கூப்பிடற அம்மா, முப்பத்தஞ்சு வயசுக்காரனைத் திட்டும்போதுகூட 'ங்க' போட்டுத் திட்டறாங்கன்னா, அது மாப்பிள்ளையைத் தவிர வேற யாரா இருக்க முடியும்?"

எக்ஸ்ரே அம்மா சத்தம் போட்டுச் சிரித்துவிட்டாள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. மனைவிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற ஒன்றைத் தவிர அவன் மண்டையில் வேறு எதுவும் ஓடவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

அவன் கதை சின்னது. அத்தை அலமாரியில் ஒரு கட்டு மஞ்சள் தொப்பி இருந்ததைத் தற்செயலாகப் பார்த்துவிட்டான். குழு கொடுப்பதாகச் சொன்ன தொப்பி, குழு கிளம்பும் முன்பே வீட்டுக்கு எப்படி வந்தது என்று யோசித்தபோது விஷயம் புரிந்துவிட்டது. மனைவியிடம் சொன்னால் பயணம் நின்றுவிடும். சொல்லாமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால் ஆயுசுக்கும் தன்னை மன்னிக்க மாட்டாள். வெளியூர் வேலை என்று பொய் சொல்லிவிட்டு, அத்தைக்கும் தெரியாமல் பின்னாலேயே வந்துவிட்டான்.

"தெரியாமலா?" என்றாள் எக்ஸ்ரே அம்மா. "ரெண்டாம் நாளே தெரியும். அந்தத் தொலைநோக்கி நான் வாங்கிக் கொடுத்தது."

ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. பாவம், பயந்து பயந்து வருகிறாரே என்று விட்டுவிட்டாள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. லிஃப்டிலேயே ஏறி இறங்கிப் பழகிய மனுஷனுக்கு மேட்டில் மூச்சு வாங்கியது. அவர் வந்து சேரட்டும் என்று ஒவ்வொரு மேட்டிலும் பூப் பார்ப்பது போல, கல் பொறுக்குவது போல நின்று நின்று போனாள். "தனியா நடக்கணும்னு கிளம்பினேன்மா," என்று சித்தியிடம் சொன்னாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "ஜன்னல் இல்லாத ரூம்ல இருந்து இருந்து, ஒரு தடவை, யாருக்காகவும் நிக்காம நடந்து பார்க்கணும்னு. அங்கேயும் ஒருத்தருக்காக நின்னுக்கிட்டே இருந்தேன். ஒரு நாள் பொறுமை போச்சு. இவரைக் கழட்டி விடலாம்னு ஆட்டுப்பாதையில இறங்கிட்டேன். பின்னாலேயே வந்து பள்ளத்துல விழுந்தார்."

எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான். நான் பார்க்காத எலும்பா என்றாள். அங்கேயே இழுத்து நீவிவிட்டபோதுதான் அந்த அலறல். அவன் போன் விழுந்ததில் நொறுங்கிவிட்டது. அவள் போனை அணைத்துவிட்டாள். மகள் முகம் பார்த்துப் பேச வேண்டும் என்பாள், பின்னால் இவர் முனகுவார். இவர் ஏன் வந்தார் என்று சொன்னால் குழு என்ற தன் பொய் உடையும்; தான் ஏன் நடுவழியில் தங்கினாள் என்று சொன்னால் இவருடைய பொய் உடையும். இரண்டு பேரும் இரண்டு நாளாக இந்த அறையில் உட்கார்ந்து யோசித்து, ஒரு நல்ல பொய்கூட அகப்படவில்லை.

"எனக்குக் கொடுத்த வேலை உங்களைக் கண்டுபிடிக்கிறது. அது முடிஞ்சுது," என்றாள் சித்தி. "மகள்கிட்ட நீங்களே பேசுங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பிடுவாங்க."

எக்ஸ்ரே அம்மா போனை உயிர்ப்பித்தாள். முதல் மணி முடிவதற்குள் எதிர்முனை எடுத்துவிட்டது. முதலில் அழுகை, பிறகு வசவு, பிறகு கேள்வி மேல் கேள்வி. அம்மா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, கடைசியில், குழு எதுவும் இல்லை, நான் தனியாகத்தான் வந்தேன் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். பிறகு மகளின் குரல் அறை முழுக்கக் கேட்டது: அங்கேயே இரு, அசையாதே, நாளைக் காலையில் வந்து அழைத்துப் போகிறேன், இனி வீட்டைவிட்டு நீ எங்கேயும் போக வேண்டாம்.

எக்ஸ்ரே அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தாள். பாதை முடிகிற கடைசிப் பாறைமுனை அங்கிருந்து தெரிந்தது; இன்னும் ஒரு நாள் நடை.

ரேடியோ எதையோ சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் கட்டிலில் இருந்து ஒரு கை நீண்டு போனை வாங்கியது.

"நான்தான் பேசறேன்," என்றான் மாப்பிள்ளை.

நீங்கள் எப்படி அங்கே என்று மகள் கேட்டதும், அவன் அலமாரியில் தொப்பியைப் பார்த்தது முதல் பின்னாலேயே வந்தது வரை உண்மையைச் சொன்னான். பிறகு மகள் மெதுவாகக் கேட்டாள்.

"முழுக்கப் பின்னாலேயே போனீங்களா?"

"ஆமா."

"அம்மா எப்படி நடக்கிறாங்க?"

மாப்பிள்ளை மாமியாரை ஒரு தடவை பார்த்துக்கொண்டான். "நான் பார்த்துக்கணும்னுதான் வந்தேன். ஆனா என்னால எட்டிப் பிடிக்கவே முடியலை. ஒரு இடத்துலகூட அவங்க தடுமாறலை. விழுந்தது நான்தான். தூக்கிட்டு வந்தது அவங்க."

எதிர்முனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். அது அழுகையா சிரிப்பா என்று ரேடியோவால் முடிவு செய்ய முடியவில்லை.

"சரி. நாளைக்கு வந்து உங்களைக் கூட்டிட்டுப் போறேன்," என்றாள் மகள். "அம்மாவை நடந்து முடிச்சுட்டு வரச் சொல்லுங்க."

மறுநாள் காலை, எல்லோரும் கீழே தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது எக்ஸ்ரே அம்மா முதுகுப்பையை மாட்டினாள். மாப்பிள்ளைக்கு எந்தத் தைலத்தை எப்போது தடவ வேண்டும் என்று சொன்னாள். யாரும் பின்னால் வரக்கூடாது என்று ரேடியோவைப் பார்த்துத் தனியாகச் சொன்னாள். இந்தக் குதிகாலை வைத்துக்கொண்டு வாசல் வரை வந்தாலே பெரிய விஷயம் என்றான் அவன்.

சொன்னானே தவிர, மாடி ஜன்னலுக்கு ஓடிப்போய் நின்றுகொண்டான். சித்தியும் வந்து பக்கத்தில் நின்றாள். பாதை புல்மேட்டைச் சுற்றிக் கடலுக்கு மேலே போனது. மேட்டின் உச்சியில் அந்த அம்மாள் நின்றாள், திரும்பிப் பார்த்தாள். பாதையில் ஒருவரும் இல்லை. பையின் வாரை இழுத்து இறுக்கிக்கொண்டு அவள் முன்பக்கம் திரும்பி நடக்க ஆரம்பித்தாள். அது இதுவரை யாரும் பார்க்காத நடை. அடுத்த மேட்டில் போய்க்கொண்டிருந்த இரண்டு இளைஞர்களை அவர்கள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் கடந்து, வளைவில் மறைந்துவிட்டாள்.